தொரப்பள்ளி முதல் கோட்டை வரை: ராஜாஜியின் '3 மணி நேரப் பள்ளி' ஏன் அவரது ஆட்சியையே ஆட்டியது?

ஓசூர் சிப்காட்டை ஒட்டியிருக்கும் மூக்கண்டப்பள்ளியில் காலை நேரத்தில் நின்றாலே ஒரு விஷயம் புரிந்துவிடும். ஒரு பக்கம் தனியார் பள்ளி வேன்கள். இன்னொரு பக்கம் அரசுப் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று வீட்டுக்கு ஒரு மொழி. அப்பா எந்த கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் பள்ளியும் பெரும்பாலும் அமைகிறது.

பெற்றோரின் தொழிலுக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்? 70 ஆண்டுகளுக்கு முன்பு தமிழக அரசியலையே புரட்டிப்போட்ட கேள்வி இது. அந்தப் புயலின் மையத்தில் இருந்தவர் இதே ஓசூர் மண்ணில் பிறந்தவர்தான். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, சுருக்கமாக ராஜாஜி.

யார் இந்த ராஜாஜி?

1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்கு சேலம் மாவட்டம். அப்பா அந்த ஊரின் முன்சீப். பெரிய ஜமீன் குடும்பம் கிடையாது. ஆனா படிப்பும் அதிகாரமும் எட்டும் தூரத்தில் இருந்த அக்ரஹாரத்துக் குடும்பம்.

முதலில் ஊர்ப் பள்ளி. சுமார் 5 வயதில் குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர, படிப்பு அங்கே தொடர்ந்தது. 1891-ல் மெட்ரிகுலேஷன். அடுத்து பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம், 1894-ல். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் படித்து 1897-ல் முடித்தார்.

இந்தப் பாதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிராமத்துப் பள்ளியில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பெரிய கல்லூரி வரை. அன்றைய சென்னை மாகாணத்தில் அரசு வேலை, நீதிமன்றம், சட்டசபை எல்லாவற்றுக்கும் வாசல் இந்தப் படிப்புதான். அந்த வாசலுக்குள் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு சில சாதிகளைச் சேர்ந்தவர்கள். நீதிக்கட்சி உருவானதற்கும், வகுப்புவாரி இடஒதுக்கீடு வந்ததற்கும் அடிப்படைக் காரணமே இதுதான்.

சேலத்து வக்கீல்

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் பெயரும் பணமும் சேர்ந்தது. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். காந்தியின் பக்கம் போனதும் வக்கீல் தொழிலை விட்டுவிட்டார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று வேலை செய்தார். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கி சிறைக்கும் போனார்.

சாதி விஷயத்தில் அவரை ஒரே பெட்டிக்குள் அடைக்க முடியாது. 1933-ல் தன் மகள் லட்சுமியை காந்தியின் மகன் தேவதாஸுக்கு மணம் முடித்தார். அந்தக் காலத்தில் அது பெரிய சாதி மீறல். மாகாணப் பிரதமராக இருந்தபோது 1939-ல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொண்டுவந்தார். அதே ஆட்சியில்தான் 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டு, முதல் மொழிப் போராட்டமும் வெடித்தது.

மேற்கு வங்க ஆளுநர், சுதந்திர இந்தியாவின் ஒரே இந்திய கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று உச்சம் தொட்டவர், 1952-ல் மீண்டும் சென்னைக்கு வந்தார். அந்தத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீ பிரகாசா மேலவைக்கு நியமித்தார். அப்படி முதலமைச்சர் ஆனார்.

1953 திட்டத்தில் என்ன இருந்தது?

அதிகாரப்பூர்வ பெயர், திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர், குலக்கல்வித் திட்டம். மக்கள் மனதில் நின்றது இரண்டாவது பெயர்தான்.

சுருக்கமா பார்த்தால்:

* 1953-54 கல்வியாண்டில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் அமல்.
* தினமும் 5 மணி நேரமாக இருந்த வகுப்பு, 3 மணி நேரமாகக் குறைப்பு.
* ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர், ஆனா இரண்டு ஷிப்ட். ஒரு பகுதிப் பிள்ளைகள் முதல் ஷிப்ட், மற்றவர்கள் அடுத்தது.
* மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும்.

அரசு சொன்ன காரணம் என்ன?

காரணம் இல்லாமல் இல்லை. 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம்தான். 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 10 ஆண்டுக்குள் முயல வேண்டும் என்றது புதிய அரசியல் சட்டம். கையில் பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை. இரண்டு ஷிப்ட் வைத்தால் அதே செலவில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது ராஜாஜியின் கணக்கு.

இன்னொன்று, உடலுழைப்புக்கு மரியாதை வேண்டும் என்ற காந்தியச் சிந்தனை. காந்தி 1937-ல் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு.

அப்போ சிக்கல் எங்கே?

ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள்ளே சொல்லித்தரப்படும். எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் கற்கலாம். ராஜாஜியின் திட்டத்தில் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே போய், அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். அன்றைய கிராமத்தில் அப்பாவின் தொழில் என்றால் என்ன அர்த்தம்? சாதிதான். சவரத் தொழிலாளியின் மகன் கத்தியைப் பிடிக்கணும், சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்குப் போகணும், செருப்பு தைப்பவரின் மகன் தோலைத் தொடணும்.

அடுத்தது, கிராமம் மட்டும் என்ற நிபந்தனை. நகரத்துப் பள்ளிகளில் வகுப்பு நேரம் குறையவில்லை. வக்கீல், டாக்டர், அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் முழு நேரம் படிப்பார்கள். பிறகு இருவரும் ஒரே தேர்வு எழுதி, ஒரே கல்லூரி சீட்டுக்குப் போட்டி போட வேண்டும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் கிடையாது. பள்ளி நேரம்தான் அதன் ஒரே சொத்து. அதிலும் 2 மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

ராஜாஜியின் சொந்த வாழ்க்கையே எதிர்ப்பாளர்களுக்கு வாதமாகிப் போனது. தொரப்பள்ளிச் சிறுவன் அப்பாவின் வேலையோடு நிற்கவில்லை. ஓசூர், பெங்களூரு, சென்னை என்று முழு நேரப் படிப்பில்தான் மேலே வந்தார். தனக்கு ஏணியாக இருந்ததை மற்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏன் குறைக்க வேண்டும் என்பதே கேள்வி.

போராட்டமும் ராஜினாமாவும்

பெரியாரின் திராவிடர் கழகம் ஊர் ஊராக இறங்கியது. 1953 ஜூலையில் திமுக நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் ராஜாஜியின் வீட்டு முன்பே மறியல். கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் எம்எல்ஏக்களுக்குள்ளேயே முணுமுணுப்பு. கட்சியிடமும் சபையிடமும் முன்கூட்டியே விவாதிக்காமல் கொண்டுவந்தது அவர்களையும் சங்கடப்படுத்தியது.

விவகாரம் சட்டசபையில் வாக்கெடுப்பு வரை போனது. பிறகு ஆர்.வி. பருலேகர் தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை கொடுத்தது. ஆனா மக்கள் மனம் மாறவில்லை. ராஜாஜியும் பின்வாங்கவில்லை. கட்சிக்குள் ஆதரவு கரைய, 1954-ல் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். உடல்நலம் காரணமாகச் சொல்லப்பட்டது.

அடுத்து வந்தவர் காமராஜர். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்தவர். 1954 ஏப்ரலில் பதவியேற்றார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அந்த அறிவிப்பை வெளியிட்ட கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், ராஜாஜி அமைச்சரவையிலும் இருந்தவர்.

இல்லாத பணத்துக்கு காமராஜர் வேறு வழி தேடினார். பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். பசியால் பிள்ளைகள் நிற்கக் கூடாது என்று 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளி நேரத்தைக் குறைத்து இடம் பிடிப்பதா, பிள்ளையைப் பள்ளியிலேயே வைத்திருக்கச் செலவழிப்பதா? தமிழ்நாடு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

ராஜாஜி பிறகு என்ன ஆனார்?

ஓயவில்லை. 1954-ல் பாரத ரத்னா. 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்காக சாகித்ய அகாடமி விருது. 1959-ல் சுதந்திரா கட்சி. ஒரு காலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பிறகு இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1967 தேர்தலில் திமுகவோடு கூட்டணி வைத்தார். 1953-ல் அவர் வீட்டு முன் மறியல் செய்த கட்சியைக் கோட்டைக்கு அனுப்பியதில் அவருக்கும் பங்கு உண்டு. 1972 டிசம்பர் 25-ல், 94-வது வயதில் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இப்போ நினைவு இல்லம்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

கிராமத்துப் பள்ளிக்கு 3 மணி நேரம் என்று இப்போது எந்த அரசும் சொல்லாது. ஆனா ஏற்றத்தாழ்வு வேறு வழியில் நிற்கிறது. அது கட்டணமாக, நுழைவுத் தேர்வாக, கோச்சிங் சென்டராக வருகிறது. அதைச் சரிக்கட்டத்தான் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதே நோக்கில்தான் தமிழ்நாடு 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தது.

1953-ல் ஒரு முதல்வரின் பதவியையே அசைத்த கோபம், பாடநேரத்தைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரு பிள்ளை என்ன ஆக வேண்டும் என்பதை அதன் அப்பாவின் தொழில் முடிவு செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே கம்பெனி மேனேஜரின் பிள்ளைக்கும் ஒரே தரத்தில் வகுப்பறை கிடைக்கும் வரை, அந்தக் கோபத்துக்கு வேலை இருக்கிறது.