சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்த சிரித்திரன் சுந்தர்

தமிழர் சிரிப்புக்கும் இலக்கணம் வகுத்தவர்கள். மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறவந்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்து, அவற்றுள் எள்ளலை முதலாவதாகக் குறித்தார். செய்யுளியலிலே அங்கதம் என ஒரு வகையையும் காட்டினார். ஆகவே பிறர் குறையையும் தம் குறையையும் எள்ளி நகையாடித் திருத்துதல் எமது மரபுக்குப் புதியதன்று. காளமேகப் புலவர் சொல்லினாற் செய்த அந்தப் பணியை, ஈழத்திலே கோட்டினாலும் சொல்லினாலும் ஒருங்கே செய்தவர் ஒருவர் இருந்தார். சிவஞானசுந்தரம் என்பது அவரது இயற்பெயர். தமிழ் வாசகர் நெஞ்சில் நிலைத்த பெயரோ சிரித்திரன் சுந்தர் என்பதாகும்.

கரவெட்டியிலிருந்து பம்பாய்க்கு

சுந்தர் அவர்கள் 1924ஆம் ஆண்டு பிறந்தார். வடமராட்சியிலே கல்விக்கும் கலைக்கும் பெயர்பெற்ற கரவெட்டி அவரது ஊர். வாலிப வயதிலே கட்டடக்கலை பயில்வதற்காகப் பம்பாய் சென்றார். அந்நாளில் ஈழத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பியது, உத்தியோகமும் மதிப்பும் தேடித் திரும்புவர் என்னும் நம்பிக்கையிலாகும். சுந்தரோ வேறொரு செல்வத்தையும் தேடிக்கொண்டார்.

1940களிலும் 1950களிலும் பம்பாய் மாநகர் இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தலைநகர்களுள் ஒன்றாக விளங்கிற்று. ஆர். கே. லக்ஷ்மன் அவர்கள் சாதாரண மனிதன் என்னும் பாத்திரத்தைப் படைத்து, நாள்தோறும் அரசாங்கத்தின் செயல்களை அவன் வாய்பேசாது பார்த்து நிற்கச் செய்தது அந்நகரிலேதான். சுந்தர் அவர்களும் பம்பாய்ப் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் வரையத் தொடங்கினார். கட்டடக்கலைஞனின் கோடு அளவு தவறாதது. கேலிச்சித்திரக்காரனின் கோடோ வேண்டுமென்றே அளவு தவறுவது. மூக்கைச் சற்று நீட்டியும் வயிற்றைச் சற்றுப் பெருக்கியும் வரைந்தால், நேரிலே காணாத உண்மை படத்திலே தெரியவரும். எங்கே, எவ்வளவு தவறவேண்டும் என்று அறிந்தவனே கலைஞன் ஆகின்றான்.

சவாரித்தம்பர் பிறந்த கதை

இலங்கை திரும்பிய சுந்தர், தினகரன் பத்திரிகையிலே சவாரித்தம்பர் என்னும் பாத்திரத்தை அறிமுகஞ் செய்தார். சவாரி என்றதும் யாழ்ப்பாணத்தவர் நினைவுக்கு வருவது மாட்டுவண்டிச் சவாரி. அந்த ஊர்ச் சொல்லைப் பெயரிலே தாங்கிவந்த தம்பர், வாசகருக்கு அந்நியராகத் தோன்றவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலோ சந்தியிலோ முதல்நாள் கண்டு கதைத்த ஒருவராகவே தோன்றினார். அவருக்குத் துணையாகச் சின்னக்குட்டி வந்து சேர்ந்தார். இருவரும் பேசியது ஏட்டுத் தமிழன்று; யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ்.

இதன் அருமையை உணரவேண்டுமாயின் அக்கால நிலையை அறிதல் வேண்டும். ஈழத்து வாசகர் பெரும்பாலோர் தமிழகச் சஞ்சிகைகளை விரும்பிப் படித்தனர். நகைச்சுவை என்றால் அது சென்னையிலிருந்து வருவது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. ஆனந்த விகடனில் மாலி முதலியோர் வரைந்த சித்திரங்கள் உயர்ந்தவையே. எனினும் அவற்றிலே தோன்றிய மாந்தர் மயிலாப்பூரிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்தவர்கள். எமது கிடுகு வேலியும் படலையும் பனங்காணியும், எமது வாய்ச்சொல்லும் கேலிச்சித்திரத்துக்குத் தகுந்தவையே என்று நிறுவிய முன்னோடி சுந்தர் அவர்கள்.

போலச் செய்யும் கலை

பிறருடைய பேச்சையும் நடையையும் பாவனையையும் அப்படியே போலச் செய்து, அதனாலேயே நகை விளைவித்தல் ஒரு தனிக் கலை. மேலைநாட்டார் இதனைப் பெரிதும் போற்றுவர். நம் ஊரிலே கூத்தரும் பகிடிக்காரரும் இதனைச் செய்துவந்தனர். சுந்தர் அவர்கள் இக்கலையிலே வல்லவர். ஆயினும் அவரிடத்து ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவர் போலச் செய்து காட்டியவர்களுட் பலர், தாமே பிறரைப் போலச் செய்து வாழ்ந்தவர்கள்.

மிஸிஸ் டாமோடிரன் என்னும் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். தாமோதரன் என்னும் நல்ல தமிழ்ப்பெயர் ஆங்கில நாவிற்பட்டு டாமோடிரன் ஆகிவிடுகின்றது. அந்தப் பெயர் ஒன்றே ஒரு கேலிச்சித்திரம். ஆங்கிலேயர் 1948இல் நாட்டைவிட்டுச் சென்ற பின்னரும் அவர்தம் நாகரிகத்தை விடாது பற்றிநின்ற ஒரு கூட்டத்தின் வரலாறு அந்த இரண்டு சொற்களுள் அடங்கிவிடுகின்றது. அதுபோலவே முருகன் பெயராகிய மயில்வாகனத்தை மெயில் வாகனத்தார் என்று மாற்றியபொழுது, மயில் பறந்து போய்த் தபால் வண்டி வந்து நிற்கின்றது. ஊரைச் சுற்றும் பகட்டு வாலிபனுக்கு மைனர் மச்சான் என்று பெயரிட்டார்.

இந்த எள்ளலிலே நஞ்சு இருக்கவில்லை. தம்பரைப் பார்த்துச் சிரித்தவர் தம்மையும் அங்கே கண்டார். சாதிப் பெருமை, சீதனப் பேராசை, உத்தியோக மோகம், போலிப் பக்தி ஆகிய நோய்களை மேடையிலே கண்டித்தால், குற்றவாளி மற்றவனே என்று கேட்போர் எண்ணிக்கொள்வர். சித்திரமோ கண்ணாடியாகும். கண்ணாடியோடு வழக்காட எவராலும் இயலாது.

சிரித்திரன் என்னும் சஞ்சிகை

1960களின் முற்பகுதியிலே சுந்தர் அவர்கள் சிரித்திரன் என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையைக் கொழும்பிலே தொடங்கினார். சிரிப்பையும் சித்திரத்தையும் ஒருங்கே நினைவூட்டும் அப்பெயரும் அவரது சொல்விளையாட்டுக்குச் சான்று. பின்னர் அதனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசென்று நடத்தினார். சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் ஏனையோரும் அதிலே குடியேறினர். மகுடி என்னும் பெயரில் அவர் எழுதிய கேள்வி பதிற் பகுதியை வாசகர் முதலிலே புரட்டிப் படித்தனர். பாம்பாட்டியின் மகுடிக்குப் பாம்பு ஆடுவதுபோல, அவரது சுருக்கமான விடைகளுக்குச் சமூகத்தின் போலித்தனங்கள் படமெடுத்து ஆடின.

தனி ஒருவர் சஞ்சிகை நடத்துதல் எளிதன்று. எழுத்துக்களைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட காலம் அது. சித்திரம் ஒன்றை அச்சேற்றுவதற்கு அதனை உலோகப் புளொக்காகச் செய்விக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். 1970களில் இலங்கை அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபொழுது உள்ளூர் வெளியீடுகளுக்கு ஓரளவு வாய்ப்புக் கிட்டியது உண்மையே. எனினும் சந்தாவையும் விற்பனையையும் நம்பி நகைச்சுவை இதழொன்றைத் தாங்கிநிற்பதற்கு ஆசிரியரின் பிடிவாதமே பெருமூலதனமாக இருந்தது.

நெருப்பின் நடுவே நகை

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டன. 1983இல் இனக்கலவரம், 1987இல் மீண்டும் போர், 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடை. மின்சாரமும் எரிபொருளும் அச்சுத்தாளும் அரிதாயின. பள்ளிக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சான நாட்கள் அவை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். அதற்கடுத்த ஆண்டாகிய 1996இல் சுந்தர் அவர்கள் காலமானார்.

அவருடைய காலத்திலே கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளிற் புகழ்பெற்றிருந்த கேலிச்சித்திரக்காரர் ஓப்ரி கொலெற் 1960களின் முற்பகுதியிலேயே அவுஸ்திரேலியா சென்று குடியேறினார். அதனைக் குறைகூறும் தகுதி நாடுவிட்டு வந்த எமக்கு இல்லை. ஆயினும், தம் மக்கள் சிரிப்பை மறந்துகொண்டிருந்த காலத்திலே அவர்கள் நடுவில் இருந்துகொண்டு சிரிக்கவைக்க முயன்றவரின் துணிவை எண்ணும்பொழுது தலை தாழ்கின்றது. இடையிடையே தடைப்பட்டும் தளர்ந்தும் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் சிரித்திரன் வாழ்ந்தது. கார்ட்டூன் ஓவிய உலகில் நான் என்னும் நூலிலே தமது அனுபவங்களையும் அவர் எழுதிவைத்துச் சென்றார்.

எம் சிறார்க்கு அவர் விட்டுச்சென்றது

சனிக்கிழமை வகுப்பிலே பெரிய மாணவர்க்குச் சவாரித்தம்பர் சித்திரங்கள் சிலவற்றைக் காட்டியதுண்டு. படத்தைப் பார்த்து முறுவலித்தனர். எழுத்தைப் படித்ததும் விழித்தனர். திருக்குறளை மனனஞ் செய்து பரிசுபெற்ற பிள்ளைக்கு, தன் பேரனார் பேசிய தமிழ் எழுத்திலே வந்தபொழுது விளங்கவில்லை. நாம் வகுப்பிலே கற்பிப்பது எழுத்துத் தமிழ். பேச்சுத் தமிழை வீடு கற்பிக்கும் என்று நம்பியிருக்கின்றோம். ஸ்காபரோவில் எத்தனை வீடுகள் அதனைச் செய்கின்றன என்பதைப் பெற்றோர்களே அறிவர்.

பேச்சுத் தமிழ் இழிந்தது என்று எண்ணுதல் தவறு. உவன், உது, உங்கை என்று யாழ்ப்பாணத்தவர் பேசும்பொழுது, தொல்காப்பியர் கூறிய உகரச் சுட்டு அவர் நாவிலே உயிரோடு நிற்கின்றது. தமிழகப் பேச்சிலே அது வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. சுந்தர் வேடிக்கைக்காக மட்டும் ஊர்ப்பேச்சை எழுதவில்லை. ஒரு சமூகத்தின் குரலை அவர் பதிவுசெய்து வைத்தார். அந்தப் பேச்சு அறியாதவர்க்கு அந்த நகையும் இல்லை. மொழி தேயும்பொழுது முதலில் மறைவது இலக்கணமன்று, பகிடியே.

மிஸிஸ் டாமோடிரன் கொழும்போடு நின்றுவிட்டார் என்றும் எண்ணவேண்டா. எம்மிடையேயும் அவர் வாழ்கின்றார். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்பதைப் பெருமையோடு கூறும் இடமெல்லாம் அவர் வீடுதான்.

சிரித்திரன் இதழ்கள் பல இன்று நூலகம் என்னும் இணைய நூலகத்திலே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெற்றோர்களே, ஒரு மாலைப்பொழுதிலே அவற்றுள் ஒன்றைத் திறந்து, பிள்ளைகளை அருகில் இருத்தி உரக்கப் படியுங்கள். விளங்காத சொல்லை அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையும் சிரித்தால், சுந்தர் அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் ஒரு பங்கு தீர்ந்ததாகும்.