சமையற்கட்டில் ஜெபித்த சகோதரர் லாரன்ஸ்

பாரீஸ் நகரில் ஒரு துறவி மடம். அதன் சமையற்கட்டில் அடுப்பு எரிகிறது. பாத்திரங்கள் உருளுகின்றன. ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வந்து நாலைந்து பொருள்களைக் கேட்கிறார்கள்.

அங்கே நொண்டி நொண்டி நடந்து ஒருவர் வேலை செய்கிறார். அவர் முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. கோவிலில் முழந்தாளிட்டிருக்கும்போது எவ்வளவு அமைதியாக இருப்பாரோ, அதே அமைதி!

அவர்தான் சகோதரர் லாரன்ஸ்.

மொட்டை மரம்

அவருடைய இயற்பெயர் நிக்கோலா எர்மான். இன்று பிரான்சு நாட்டில் உள்ள லொரேன் பகுதியில், 1614-ம் ஆண்டு வாக்கில், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்.

அவருக்கு 18 வயது இருக்கும். அது குளிர்காலம். இலைகள் எல்லாம் உதிர்ந்து, ஒரு மரம் மொட்டையாக நின்றது. அவர் அதை உற்றுப் பார்த்தார். இன்னும் சில நாளில் இது துளிர்க்கும், பிறகு பூக்கும், காய்க்கும். இதை எல்லாம் செய்வது கடவுள் அல்லவா? இந்த எண்ணம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. சாகும்வரை அது மாறவில்லை.

உடைந்த பாத்திரங்கள்

அப்போது ஐரோப்பாவில் முப்பது ஆண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் சிப்பாயாகச் சேர்ந்தார், காயம் அடைந்தார். பிறகு ஒரு பெரிய மனிதரிடம் வேலைக்காரராக இருந்தார். கை பட்ட பொருள் எல்லாம் உடைந்தது!

1640-ம் ஆண்டில் பாரீசில் உள்ள கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். தம்முடைய தவறுகளுக்கெல்லாம் அங்கே தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ மகிழ்ச்சி.

ஆனால் அது உடனே கிடைத்துவிடவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் மனவேதனையில் துடித்தார். தாம் ஒரு பாவி என்ற நினைவு அவரை வாட்டியது. என்ன வந்தாலும் கடவுள் விட்ட வழி என்று துணிந்த பிறகுதான் மனம் அமைதி அடைந்தது.

பிடிக்காத வேலை

சமையல் வேலை அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் 15 ஆண்டுகள் அதைச் செய்தார். வேலையைத் தொடங்கும்போது கடவுளிடம் துணை கேட்பார். வேலைக்கு நடுவே அவரோடு மனதுக்குள் பேசுவார். முடிந்ததும் நன்றி சொல்வார். நினைவு சிதறினால், அதற்காக வருந்திக்கொண்டே இராமல் மீண்டும் கடவுளை நினைப்பார். அவ்வளவுதான் அவர் கண்ட வழி.

ஒரு முறை மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர அவரை அனுப்பினார்கள். அவருக்கு வியாபாரம் தெரியாது. காலும் சரியில்லை. படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு சென்றார். இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் ஒப்படைத்தார். வேலை நன்றாகவே முடிந்தது.

நோயாளிக்கு ஆறுதல்

நோயில் கிடந்தவர்களுக்கு அவர் கடிதம் எழுதுவார். அவர்களுடைய துன்பத்தைக் கண்டு தாமும் வருந்துவார். ஆனால் வலி நீங்க வேண்டும் என்று அவர் ஜெபிக்கவில்லை. அதைத் தாங்கும் பலத்தையும் பொறுமையையும் தரும்படி ஜெபித்தார். நோயாளியின் படுக்கை அருகே கடவுள் இருக்கிறார். அவரை அடிக்கடி நினைத்தால் போதும் என்று தேற்றினார்.

இது கேட்பதற்குக் கடினமான பேச்சு. நோயே அறியாத ஒருவர் சொன்னால் யார் ஏற்பார்கள்? ஆனால் அவரே கால்வலியால் பல ஆண்டுகள் அவதிப்பட்டவர். பல முறை சாவின் வாசல்வரை சென்றவர். அப்போதும் தமக்காக அவர் கேட்டது பலம் ஒன்றைத்தான்.

கடைசி நாட்கள்

முதுமையில் மடத்தில் செருப்புத் தைத்தார். 1691-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி கடைசிக் கடிதத்தை எழுதினார். சில நாளில் கடவுளைக் காண்போம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 12-ந்தேதி உயிர் நீத்தார்.

ஜோசப் தெ போபோர் என்ற குரு, லாரன்சோடு தாம் பேசியவற்றையும் அவருடைய கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அந்தச் சிறு நூலை இன்றும் படிக்கிறார்கள்.

பெரிய பட்டமோ பதவியோ அவருக்கு இல்லை. அடுப்பில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுளுக்காகச் செய்தார். அதுவே அவருடைய ஜெபம்.