பஷீருக்கு மனநோய் வந்தபோது: அதிர்ச்சிக்கும் சைக்கோசிஸுக்கும் என்ன தொடர்பு?

கொச்சிக்கு வீக்கெண்ட் ட்ரிப் போயிருக்கீங்களா? மட்டாஞ்சேரியின் மசாலா கிடங்குகளைப் பார்த்துவிட்டு, காயலைத் தாண்டி எர்ணாகுளம் வாங்க. ஒரு காலத்தில் அங்கே புத்தகக் கடை நடத்தியவர் வைக்கம் முகமது பஷீர். 'பாத்துமாவின் ஆடு', 'மதில்கள்' இரண்டும் தமிழிலேயே கிடைப்பதால் நீங்களும் படித்திருக்கலாம். இவ்வளவு சிரிக்க வைத்தவர், மனநோய்க்கு இரண்டு முறை சிகிச்சை எடுத்தவர் என்பது தெரியுமா?

அடி, சிறை, அலைச்சல்

1908-ல் வைக்கம் அருகே தலையோலப்பறம்பில் பிறந்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் சேர கோழிக்கோடு போனவரை போலீஸ் பிடித்து லாக்கப்பில் கடுமையாக அடித்தது. பிறகு மூன்று மாதம் கண்ணூர் சிறை. வெளியே வந்து 'உஜ்ஜீவனம்' என்ற பிரிட்டிஷ் எதிர்ப்பு இதழை நடத்தினார். வாரண்ட் வந்ததும் கேரளத்தை விட்டே கிளம்பினார். ஏழு வருடம் போல ஊர் ஊராக அலைந்தார். சமையல்காரர், காவலாளி என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். சாதுக்களோடும் சூஃபிகளோடும் தங்கினார். திரும்பி வந்தபோது அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போயிருந்தது. 1940-களின் தொடக்கத்தில் மறுபடியும் கைது. கொல்லத்தில் விசாரணையே இல்லாமல் நீண்ட நாள் லாக்கப், அப்புறம் திருவனந்தபுரம் மத்திய சிறை.

1950-களில் மனம் தடுமாறியது. சிகிச்சைக்குப் பிறகு மீண்டார். 1957-ல் கல்யாணம் செய்து பேப்பூரில் குடியேறினார். 1962-ல் திரும்பவும் நோய் வந்தது. அப்போதும் மீண்டார்.

சிறைதான் காரணமா?

சைக்கோசிஸ் என்பது நிஜத்தோடு இருக்கிற பிடி தளர்ந்துபோகும் நிலை. இல்லாத குரல் காதில் கேட்கும். யாரோ தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை அசைக்க முடியாததாகிவிடும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2012-ல் வெளியானது. சின்ன வயதில் வன்முறை, புறக்கணிப்பு, பெற்றோர் இழப்பு போன்றவற்றைச் சந்தித்தவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது அது. தொடர்ந்து ஆபத்தில் வாழ்ந்த மூளை, ஆபத்து இல்லாத இடத்திலும் அதைத் தேடப் பழகிவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

ஆனால் கவனம். அதிர்ச்சியைச் சந்தித்த பெரும்பாலானவர்களுக்கு சைக்கோசிஸ் வருவதில்லை. மரபு, தூக்கமின்மை, போதைப் பழக்கம் என வேறு காரணங்களும் சேர்கின்றன. அதனால் பஷீருக்கு லாக்கப் அடியால்தான் நோய் வந்தது என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒருவர் எதையெல்லாம் கடந்து வந்தார் என்று கேட்காமல் சிகிச்சை முழுமையாகாது என்பதை மட்டும் சொல்லலாம்.

அவர் மறைக்கவில்லை

1959-ல் வெளிவந்த 'பாத்துமாவின் ஆடு' நாவலின் முன்னுரையில், தன் மனநோயையும் சிகிச்சையையும் பற்றி பஷீரே வெளிப்படையாக எழுதினார். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும், வேலை போய்விடும் என்று நம் வீடுகளில் இன்றைக்கும் மூடி மறைக்கிற விஷயம் அது. 1970-ல் சாகித்ய அகாடமி ஃபெல்லோஷிப், 1982-ல் பத்மஸ்ரீ என்று கௌரவங்கள் வந்தன. 1994-ல் காலமாகும் வரை பேப்பூர் வீட்டுக்கு வாசகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

உங்களோடு வேலை செய்கிற ஒருவர் பல நாள் தூங்காமல், எல்லாரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று பயந்தால், வாதம் பண்ணாதீங்க, கேலியும் வேண்டாம். பக்கத்தில் இருந்து, சீக்கிரம் டாக்டரிடம் கூட்டிப் போங்க. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.