உப்பில் பிறந்த விதி

ஒரு டம்ளர் தண்ணீரின் அடியில் கல் உப்பைப் போட்டு, கலக்காமல் வைத்துப் பாருங்கள். கரைந்த உப்பு மெல்ல மெல்ல மேலே ஏறும். இதற்கு விரவல் என்று பெயர். அது எந்த வேகத்தில் ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அடால்ஃப் ஃபிக்.

1829-ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசெல் நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. கணக்கு என்றால் உயிர்! ஆனால் அண்ணன் சொன்னதைக் கேட்டு மருத்துவம் படித்தார். கணக்கை மட்டும் விடவில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வேலை பார்த்தபோது அவருக்கு ஒரு சந்தேகம். உடம்பில் உப்பும் நீரும் சவ்வுகளைத் தாண்டிப் போகின்றனவே, அதற்கு ஒரு விதி இருக்காதா? ஸ்காட்லாந்து விஞ்ஞானி தாமஸ் கிரகாம் விரவலை ஏற்கெனவே நிறைய அளந்திருந்தார், விதிதான் கிடைக்கவில்லை. உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே சொன்ன விதி இதற்கும் பொருந்துமோ என்று ஃபிக் யோசித்தார்.

குழாயின் அடியில் உப்பு, மேலே நல்ல தண்ணீர். வாரக்கணக்கில் காத்திருந்தார்! பிறகு தராசில் ஒரு கண்ணாடி மணியைக் கட்டி, நீருக்குள் ஒவ்வொரு ஆழத்திலும் தொங்கவிட்டு எடை பார்த்தார். உப்பு கூடிய இடத்தில் மணியின் எடை குறைவாகக் காட்டும் அல்லவா? 1855-ல் விதி வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 25. உப்பின் செறிவு இடத்துக்கு இடம் எவ்வளவு அதிகமாக மாறுகிறதோ, அவ்வளவு வேகமாக அது நகரும். இன்னொன்றும் தெரிந்தது: இரண்டு மடங்கு தூரம் பரவ நான்கு மடங்கு நேரம் ஆகும்.

1865-ல் நண்பர் விஸ்லிசெனுஸுடன் புரத உணவே இல்லாமல் ஃபால்ஹார்ன் மலை ஏறி, தங்கள் சிறுநீரையே சோதித்தார். தசைக்கு வேண்டிய சக்தி புரதத்திலிருந்து மட்டும் வரவில்லை என்று காட்டினார். முகம் சுளிக்காதீர்கள், அறிவியல் அப்படித்தான்! 1901-ல் மறைந்தார்.

அவருடைய விதி கல்லுக்குள்ளும் போய்விட்டது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களில் ஆக்சிஜன் அணுக்கள் மெதுவாக இடம் மாறுகின்றன. அதை எப்படி அளப்பது? படிகத்துண்டையும், எடை கூடிய ஆக்சிஜன்-18 கொண்ட தண்ணீரையும் தங்கக் குப்பியில் அடைத்து, பல நூறு டிகிரி சூட்டில், அழுத்தத்தில் வைப்பார்கள். பிறகு அயனிக் கற்றையால் படிகத்தைத் துளித்துளியாகச் செதுக்கி, அந்த ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? கனிமங்களில் உள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை வைத்து, பாறை எந்தச் சூட்டில் உருவானது என்று கணிக்கிறார்கள். பாறை ஆறும்போது ஆக்சிஜன் நகர்ந்திருந்தால் கணக்கு தப்பிவிடும். சுடுநீர் பட்ட பாறையில் குவார்ட்ஸைவிட ஃபெல்ட்ஸ்பாரில் அது வேகமாக நகரும். ஆகவே எந்தக் கனிமத்தை நம்பலாம் என்று, ஃபிக்கின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள்.