மெதுவாகப் பழகிய வேகக்காரர்

1917 புரட்சியில் சொத்தை இழந்த ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் ரக்மானினோவ், அந்த டிசம்பர் குளிரில் மனைவி, இரு மகள்களுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். வயது 44. குடும்பத்தைக் காப்பாற்ற அவர் தேர்ந்தெடுத்த வழி மேடையேறிப் பியானோ வாசிப்பது. ஆனால் அதுவரை அவர் பெரும்பாலும் தம் சொந்தப் படைப்புகளையே மேடையில் வாசித்திருந்தார். இனி ஷோப்பான், லிஸ்ட், பேத்தோவன் என்று மற்றவர்களின் கடினமான படைப்புகளும் விரலுக்கு வரவேண்டும்.

உழைப்பு அவருக்குப் புதிதல்ல. சிறுவயதில் மாஸ்கோவில் ஆசிரியர் ஸ்வெரெவின் வீட்டில் தங்கிப் படித்தார். அங்கு மாணவர்கள் முறைவைத்துக் காலை 6 மணிக்கே பியானோ முன் உட்காரவேண்டும். முந்தைய இரவு நாடகம் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தாலும் விலக்கு கிடையாது. 1909இல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனபோதுகூட, தமது மூன்றாம் கொன்செர்ட்டோவை ஒலியெழுப்பாத விசைப்பலகையில் பழகிக்கொண்டே போனார்.

ஆனால் என்னை வியக்க வைத்தது வேறொரு சம்பவம். பியானோ கலைஞர் அப்ராம் சேசின்ஸ் ஒருமுறை அவரைப் பார்க்கச் சென்றார். உள்ளே பியானோ ஒலித்தது. என்ன இசை என்றே முதலில் அவருக்குப் புரியவில்லை. கவனித்துக் கேட்ட பிறகுதான் அது ஷோப்பானின் ஓர் எட்யூட் என்று தெரிந்தது. வலக்கை ஒரே நேரத்தில் இரண்டிரண்டு கட்டைகளை அழுத்தியபடி பறக்கவேண்டிய பயிற்சி அது. மேடை வேகத்தில் ஒரு பார் சுமார் இரண்டு விநாடியில் முடிந்துவிடும். ரக்மானினோவ் அதற்கு ஏறக்குறைய 20 விநாடி எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு மணிநேரம் அப்படியே!

மாலையில் எங்கள் புளோக்கில் பியானோ பழகும் பிள்ளைகள் முதல் நாளிலேயே முழு வேகத்தில் பாய்வதைக் கேட்கிறேன். தடுக்கிய இடத்தில் மறுபடியும் தடுக்குகிறார்கள். விரலுக்குச் சரி, தவறு தெரியாது. திரும்பத் திரும்பச் செய்ததைத்தான் அது பிடித்துக்கொள்ளும். மெதுவாக வாசிக்கும்போது எந்த விரல் பிந்துகிறது, எது அழுத்தம் குறைகிறது என்று காது கண்டுபிடிக்க நேரம் கிடைக்கிறது. அவ்வளவு பெரிய கலைஞரும் அந்த நேரத்தைக் கொடுத்திருக்கிறார்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. ஓயாத கச்சேரிப் பயணங்களுக்கிடையே, ரஷ்யாவைவிட்டு வந்தபின் 25 ஆண்டுகளில் அவர் எழுதி முடித்த பெரிய புதிய படைப்புகள் ஆறுதான். இசையமைப்பாளராக வாழ விரும்பியவருக்கு அது சிறிய இழப்பல்ல. 1943 பிப்ரவரியில், நோயுற்ற நிலையிலும், அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் கடைசிக் கச்சேரி வாசித்தார். அடுத்த மாதம், 70ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, காலமானார்.