ஒற்றைக் கையுடன் அவை புகுந்தவர்

அயர்லாந்து நாட்டில் 1827ஆம் ஆண்டு பீட்டர் லாலர் பிறந்தார், பொறியியல் பயின்றார். பெரும் பஞ்சத்தால் நலிந்த அந்நாட்டு மக்கள் பலர் பிழைப்பு நாடிக் கடல் கடந்தனர். லாலரும் 1852இல் தம் உடன்பிறந்தாருடன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவை அடைந்தார். முதலில் இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டார். பின்னர்ப் பாலரட் தங்கவயலில் மண் தோண்டினார்.

அங்கே தோண்டுவோர் ஒவ்வொருவரும் உரிமச்சீட்டு பெறவேண்டும். அதன் கட்டணம் ஓராண்டுக்கு 8 பவுண்டு. பொன் கிடைத்தாலும் கிடைக்காவிடினும் அதைச் செலுத்தியே ஆகவேண்டும். சீட்டு இல்லாதவரைக் காவலர் வேட்டையாடிப் பிடித்தனர். கட்டணம் செலுத்தியவர்க்கோ வாக்குரிமை இல்லை.

1854 நவம்பர் 30 அன்று தொழிலாளர் திரண்டனர். தலைமை ஏற்பார் இல்லாதபோது லாலர் முன்வந்தார். தென்சிலுவைக் கொடியின்கீழ் அனைவரும் உறுதி பூண்டனர். யுரேகா என்னுமிடத்தில் மரத்தடுப்பு அரண் அமைத்தனர். டிசம்பர் 3, ஞாயிறு விடியலில் படைவீரர் அரணைத் தாக்கினர். சண்டை அரைமணி நேரமும் நீடிக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டடிபட்ட லாலரைத் தோழர்கள் பலகைகளுக்கு அடியில் மறைத்துக் காத்தனர். அவருடைய இடக்கை அகற்றப்பட்டது. அவரைப் பிடிக்க உதவுவோர்க்கு அரசு 200 பவுண்டு அறிவித்தது. எவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

களத்தில் தோற்றோர் உரிமையில் வென்றனர். இராசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும் விடுதலை பெற்றனர். கட்டணம் ஆண்டுக்கு 1 பவுண்டாகக் குறைந்தது; அப்புதிய சீட்டே வாக்குரிமையும் அளித்தது. 1855இல் பாலரட் மக்கள் லாலரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர்.

ஆயினும், சொத்துடையோர்க்குச் சாதகமான தேர்தல் விதியை அவர் ஆதரித்தபோது, அதே மக்கள் அவரைப் பதவி விலகக் கோரினர். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பின்னர் வேறு தொகுதியில் வென்றார். 1880 முதல் 1887 வரை பேரவைத் தலைவராக விளங்கினார். 1889 பிப்ரவரி 9 அன்று மறைந்தார்.

பாலரட்டில் அவர் சிலை நிற்கிறது. நாடாளுமன்றத் தொகுதி ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பிழைப்புத் தேடி வந்த மண்ணிலும் மாந்தர் உரிமையுடன் வாழலாம் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்
இருப்புப்பாதை – இரயில் பாதை
அரண் – காவல் அமைப்பு
மாந்தர் – மக்கள்

வினாக்கள்
1. தொழிலாளர் ஏன் திரண்டனர்?
2. களத்தில் தோற்றோர் பெற்ற உரிமைகள் யாவை?
3. பாலரட் மக்கள் பின்னர் லாலரை எதிர்த்தது சரியா? உம் கருத்தை எழுதுக.