பாபேஜ் முடிக்காத ப்ராஜெக்ட்

வினாடி வினாவில் கணிப்பொறியின் தந்தை யார் என்று கேட்டால், சார்லஸ் பாபேஜ் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தத் தந்தை தன் இயந்திரம் ஒன்றைக்கூட முழுசாக முடித்துப் பார்க்காமலே கண்மூடினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் செய்யப்போகும் நண்பர்கள் அவசியம் படிக்க வேண்டிய வாழ்க்கை அது.

பாபேஜ் 1791 டிசம்பர் 26-இல் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1821-இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் சேர்ந்து வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது பிழைக்குமேல் பிழையாக வந்தது. அன்றைய மாலுமிகள் அச்சிட்ட அட்டவணைகளை நம்பித்தான் கடலில் வழி கண்டார்கள். ஒரு இலக்கம் தப்பினாலும் ஆபத்து. மனிதன் போடும் கணக்கை இயந்திரம் போட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

1822-இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். அது வேலை செய்தது. 1823-இல் அரசாங்கம் 1,500 பவுன் கொடுத்தது. அடுத்து என்ன செய்தார்? ஒரே தாவல்! சுமார் 25,000 உறுப்புகள் கொண்ட முழு இயந்திரத்துக்கே போய்விட்டார்.

இங்கேதான் கோளாறு. சின்ன மாதிரி நிரூபித்தது கணித முறையை மட்டுமே. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கடைந்து எடுக்க முடியுமா, எத்தனை வருஷம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லவில்லை. ஃபிட்டிங் ஷாப்பில் இரண்டு துண்டுகளை இடைவெளி இல்லாமல் பொருத்தவே நாம் படும் பாடு நமக்குத்தானே தெரியும்!

வேலை முழுவதும் ஜோசப் கிளெமென்ட் என்ற ஒரே கைவினைஞரை நம்பி நடந்தது. இதற்கிடையே 1827-இல் பாபேஜ் தந்தையையும் மனைவி ஜார்ஜியானாவையும் ஒரு மகனையும் இழந்தார். மனம் உடைந்தாலும் வேலையை விடவில்லை. 1832-இல் இயந்திரத்தின் ஏழில் ஒரு பாகம் பொருத்தப்பட்டு அழகாக ஓடியது. ஆனால் பட்டறையை இடம் மாற்றுவதிலும் பணத்திலும் தகராறு வந்து, 1833-இல் கிளெமென்ட் வேலையை நிறுத்தினார். அன்றைய வழக்கப்படி கருவிகளும் அவரிடமே தங்கிவிட்டன. அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோச்சு.

பாபேஜ் சும்மா இருக்கவில்லை. 1834-இல் அதைவிடப் பெரிய பகுப்பாய்வு இயந்திரத்தைச் சிந்திக்கத் தொடங்கினார். இன்றைய கணிப்பொறிக்கு முன்னோடி அதுதான். ஆனால் பழையதை முடிக்காமல் புதியதைப் பேசுபவரை அரசாங்கம் எப்படி நம்பும்? சுமார் 17,000 பவுன் செலவானபின் 1842-இல் கைவிரித்துவிட்டது.

அதே சமயம் ஸ்டாக்ஹோமில் கேயோர்க் ஷாய்ட்ஸ் என்பவரும், படித்துக்கொண்டிருந்த அவர் மகன் எட்வர்டும் பாபேஜின் இயந்திரத்தைப் பற்றிப் படித்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். 1840-இல் ஐந்து இலக்கம், ஒரே ஒரு வேறுபாடு மட்டும் கணக்கிடும் அளவுக்குச் செய்தார்கள். அது ஓடியபின் 1842-க்குள் மூன்று வேறுபாடுகள் வரை நீட்டினார்கள். 1843-இல் அச்சடிக்கும் பகுதியைச் சேர்த்தார்கள். அந்த அனுபவத்தில் 1853-இல் முழு இயந்திரமே தயார். பாபேஜ் பொறாமைப்படாமல் மனமாரப் பாராட்டினார். அவரது பெருந்தன்மை அது.

பாபேஜ் 1871 அக்டோபர் 18-இல் மறைந்தார். 1840-களின் இறுதியில் அவர் வரைந்த இரண்டாவது வேறுபாட்டு இயந்திரத்தின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் செய்து ஓட்டிக் காட்டியது. வரைபடம் சரியாகவே இருந்தது! திறமையில் குறை இல்லை, கட்டம் பிரித்ததில்தான் குறை.

1988-இல் பாரி போஹெம் விளக்கிய சுருள் முறை சொல்வதும் இதைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் எது நம்மைக் கவிழ்க்கும் என்று முதலில் தேடு. அதைச் சின்ன அளவில் செய்து பார். ஓடினால் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போ.

ஆகவே நண்பர்களே, சுலபமான ஸ்கிரீனை முதலில் போட்டுவிட்டுக் கஷ்டமானதைக் கடைசியில் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். பயமுறுத்தும் பகுதியை முதல் மாதத்திலேயே தொட்டுவிடுங்கள். வைவா நாளில் ஓடும் சின்ன ப்ராஜெக்ட்டே, ஓடாத பெரிய ப்ராஜெக்ட்டைவிட மேல்.